செத்தவர் யோக்கியரா என்று கேட்பவர்கள்



ஒருவரின் நினைவாக நாம் இங்கே சிதறாலில் கூடியிருக்கிறோம். நினைவுக் கூட்டத்தில் யாரும் எழுந்து, இறந்தவர் யோக்கியர்தானா, அவருக்காகக் கூட வேண்டுமா என்று கேட்பதில்லை. கேட்டால் நாகரிகக் குறைவு என்போம். ஆனால் சில சாவுகள் நடக்கும்போது ஊரும் ஊடகமும் வழக்குப் போடுகிறவர்களும் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். குடித்துச் செத்தவர்கள், போதையில் சிக்கியவர்கள், அவர்களால் அடிபட்டவர்கள், அவர்கள் விட்டுப்போன குடும்பங்கள் ஆகியோரைப் பற்றி நம் சமூகம் எப்படி யோசிக்கிறது, அந்த யோசனைக்குள் சாதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே இந்தப் பொழிவின் பொருள்.

கருணாபுரம்

2024 ஜூன் 18ஆம் தேதி, கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களுக்கு வாந்தியும் வயிற்றுவலியும் கண் மங்கலும் தொடங்கின. ஒரே தெருவில் அடுத்தடுத்துப் பாடைகள் கட்டப்பட்டன. மொத்தத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள், திருநங்கை ஒருவரும் இருந்தார். கருணாபுரம் தலித்துகள் மிகுதியாக வாழும் பகுதி; செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள்.

முதல் சாவுகளுக்குச் சாராயம் காரணமில்லை என்று மாவட்ட நிர்வாகம் தொடக்கத்தில் மறுத்தது. இறப்பு வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களில் சிலரும் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன. பிறகு ஆட்சியர் மாற்றப்பட்டார், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒரு நபர் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 2024 நவம்பர் 20 அன்று சென்னை உயர்நீதிமன்றம் வழக்கைச் சி.பி.ஐ.க்கு மாற்றியது.

அந்தச் சாராயத்தில் இருந்தது மெத்தனால். பெயிண்ட், வார்னிஷ், ரசாயனத் தொழில்களில் பயன்படும் பொருள். உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம்தான் பார்வை நரம்பைத் தாக்குகிறது, ரத்தத்தை அமிலமாக்கி உயிரை எடுக்கிறது. இதற்கு மருந்து உண்டு. ஃபோமிபிசோல் அல்லது மருத்துவர் கண்காணிப்பில் தரப்படும் எத்தனால், இந்த மாற்றத்தைத் தடுக்கும். டயாலிசிஸ் நஞ்சை வெளியேற்றும். எல்லாம் எத்தனை மணி நேரத்தில் மருத்துவமனைக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. மாணவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கள்ளச்சாராயம் குடித்தேன் என்று சொல்ல வெட்கமும், சொன்னால் போலீஸ் வருமோ என்ற பயமும் இருக்கிற ஊரில் அந்த மணி நேரங்கள் வீட்டுக்குள்ளேயே கழிகின்றன. குடித்தவரை இழிவாகப் பார்க்கும் பார்வை வெறும் மனப்போக்கு மட்டும் அல்ல. அது நோயாளியை மருத்துவமனைக்குத் தாமதமாக அனுப்புகிறது.

பத்து லட்சம் என்ற சண்டை

இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய், 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, கல்விச் செலவு என்றும் அறிவிப்பு வந்தது. அதன்பிறகு பேச்சு சாவிலிருந்து பணத்துக்கு மாறியது. குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா, எல்லையில் செத்த ராணுவ வீரனுக்கு எவ்வளவு, பட்டாசு ஆலையில் செத்தவனுக்கு எவ்வளவு என்று டீக்கடைகளிலும் கைப்பேசிகளிலும் கணக்குப் போட்டார்கள். இழப்பீட்டை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் பொதுநல மனுவே போடப்பட்டது. இறந்தவர்கள் விடுதலைப் போராட்ட வீரர்களோ சமூகத்துக்காக உயிர்விட்டவர்களோ இல்லை, சட்டவிரோதச் செயலைச் செய்தவர்கள் என்பது மனுவின் வாதம். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனாலால் மீனவர்களும் கூலிகளும் இறந்தபோதும் இதே பேச்சுத்தான்.

இந்த வாதத்தை மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, அவர்களாக விரும்பிக் குடித்தார்கள் என்பது. அவர்கள் விரும்பியது சாராயத்தை. மெத்தனாலை யாரும் விரும்பிக் குடிப்பதில்லை. உணவகத்தில் கெட்டுப்போன கறியைத் தின்று செத்தவரை, கடைக்கு விரும்பித்தானே போனார் என்று யாரும் சொல்வதில்லை. விற்றவர் குற்றவாளி, அனுமதித்த அதிகாரி பொறுப்பாளி என்றுதான் சொல்கிறோம். அந்த எளிய நியாயம் சேரியின் வாசலில் ஏன் நின்றுவிடுகிறது என்பதே கேள்வி.

இரண்டாவது, மக்களின் வரிப்பணம் வீணாகிறது என்பது. 2023-24 நிதியாண்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்கு ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியுமாக 45,855 கோடி ரூபாய் வந்தது. குடிப்பவர்களும் வரி கட்டுகிறவர்கள்தான். அந்த வரி நம் எல்லோருடைய பிள்ளைகளின் பள்ளிக்கும் பேருந்துக்கும் போகிறது. அதே ஆண்டுகளில் அரசுக் கடையில் 180 மில்லிக் குவார்ட்டரின் குறைந்த விலை 140 ரூபாயைத் தொட்டது. பாக்கெட் சாராயம் அதில் பாதிகூட இல்லை. நாள் கூலியில் அரிசி வாங்கிய பிறகு கையில் இருப்பதைக் கொண்டு ஒருவர் எந்தக் கடைக்குப் போவார் என்பதை விலைதான் தீர்மானித்தது.

மூன்றாவது, இழப்பீடு கொடுத்தால் குடி பெருகும் என்பது. செத்தவர் கைக்கு அந்தப் பணம் போவதில்லை. போவது மனைவிக்கும் பிள்ளைக்கும் வயதான தாய்க்கும். கணவனின் குடியை எதிர்த்துச் சண்டை போட்டு, அடி வாங்கி, அவன் போன பிறகு வட்டிக்காரனுக்குப் பதில் சொல்லும் பெண்ணை, அவன் செய்ததற்காக இன்னொரு முறை தண்டிப்பதுதான் இந்த வாதத்தின் நடைமுறை விளைவு.

பீகார் இந்த வாதத்தைச் செய்து பார்த்த மாநிலம். 2016 ஏப்ரல் முதல் அங்கே முழு மதுவிலக்கு. 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயத்தால் ஏராளமானோர் செத்தபோது, குடிப்பவர்கள் சாகத்தான் செய்வார்கள் என்ற பொருளில் முதலமைச்சர் நிதிஷ் குமார் பேசினார், இழப்பீடு கிடையாது என்றார். நான்கு மாதம் கழித்து, 2023 ஏப்ரலில் மோதிஹாரியில் மறுபடியும் சாவுகள் விழுந்த பிறகு, 2016 முதல் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 4 லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். ஆனால் மதுவிலக்கை ஆதரிப்பதாகக் குடும்பத்தார் எழுதித் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். துக்க வீட்டிலிருந்தும் ஒழுக்கச் சான்றிதழ் கேட்கப்பட்டது.

நோய் யாருக்கு, குற்றம் யாருக்கு

குடியும் போதையும் ஒரு கட்டத்துக்குப் பிறகு நோய் என்பது நம் சட்டத்திலேயே இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டால் வரும் மனநிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, சிகிச்சை பெறும் உரிமையைத் தருகிறது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ பயன்படுத்தியதற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமைநோயாளர் தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. 39ஆம் பிரிவு, தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. நம் தெருப் பையன் கஞ்சா வழக்கில் பிடிபட்டால் இந்தப் பிரிவுகளை அவனுக்கு எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள், அவர்களில் சுமார் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவைப்படுகிறது என்றது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையை எட்டியிருந்தார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்.

எட்டியவர்கள் யார் என்பதில் வர்க்கமும் சாதியும் இருக்கின்றன. 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சாந்தி ரங்கநாதன் தொடங்கினார். பெரிய தொழில் குடும்பத்தைச் சேர்ந்த அவருடைய கணவர் குடிநோயால் இளம் வயதிலேயே இறந்திருந்தார். அந்தத் துயரத்திலிருந்து அவர் உருவாக்கிய மருத்துவமனை பல குடும்பங்களை மீட்டிருக்கிறது. அது போற்றத்தக்க பணி. அந்தச் சாவை நோயால் வந்த இழப்பாகப் பார்க்க முடிந்த நம் சமூகம், கருணாபுரத்துச் சாவைத் திமிரின் கூலியாகப் பார்த்தது என்பதைத்தான் நாம் சுட்டிக்காட்டுகிறோம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை. அமெரிக்காவில் 1986இல் வந்த சட்டம், கறுப்பின மக்களின் தெருக்களோடு சேர்த்துப் பேசப்பட்ட கிராக் கொக்கெயின் 5 கிராமுக்கும், வசதியான வெள்ளையர்களோடு சேர்த்துப் பேசப்பட்ட தூள் கொக்கெயின் 500 கிராமுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனையை விதித்தது. இரண்டும் ஒரே மருந்து. தண்டனையில் நூறு மடங்கு வித்தியாசம். 2010இல்தான் அதைப் பதினெட்டு மடங்காகக் குறைத்தார்கள். பின்னாளில் வலிநிவாரண மாத்திரைகளுக்கு வெள்ளையர் குடும்பங்களும் பெருமளவில் அடிமையானபோது, போதை ஒரு நோய் என்ற பேச்சு அங்கே வலுத்தது. போர்த்துகல் 2001 ஜூலை முதல் சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிய அளவு வைத்திருப்பதைக் குற்றவியல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, பிடிபட்டவரை மருத்துவரும் சமூகப் பணியாளரும் இருக்கும் குழுவின் முன் அனுப்புகிறது. விற்பனை அங்கே இன்றும் குற்றம்தான்.

நம் ஊரில் கிராக், தூள் என்ற பிரிவினை வேறு பெயரில் நடக்கிறது. விடுதியில் நடந்தால் பார்ட்டி, குடிசையோரம் நடந்தால் சமூகவிரோதம். முடியைச் சாயம் பூசி வெட்டிக்கொண்ட பையனைப் பார்த்ததும் புள்ளிங்கோ, கஞ்சா குடிக்கி என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அவன் கஞ்சாவைத் தொட்டிருக்கிறானா என்ற கேள்வி பிறகுதான் வருகிறது, பல நேரம் வருவதே இல்லை.

குடியை யார் கொடுத்தது

தலித்துகள் குடிகாரர்கள் என்ற பேச்சுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. சாக்கடைக்குள் இறங்கும் தொழிலாளி அந்த நாற்றத்தைத் தாங்கக் குடிக்கிறார். பறையடித்து, பிணம் சுமந்து, குழி வெட்டியவருக்குக் கூலியின் ஒரு பகுதியாகச் சாராயத்தையே கொடுத்த வழக்கம் பல ஊர்களில் இருந்தது. மனிதர் செய்யக்கூடாத வேலையை ஒரு சாதியின் மேல் சுமத்தி, அதைச் செய்யக் குடியையும் கையில் கொடுத்து, பிறகு குடிகாரச் சாதி என்று பட்டம் கட்டியது ஊர். மலம் அள்ளும் வேலையை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகும் அந்தக் குழிகளில் சாவது யார் என்பது நமக்குத் தெரியும்.

இந்த இடத்தில் அண்ணலின் நிலைப்பாட்டை மாணவர்கள் சேர்த்துப் படிக்க வேண்டும். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவர் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. பௌத்தத்தின் ஐந்தாம் சீலம் அது. அதே அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு, முதல் பொதுத்தேர்தலுக்காக 1951இல் வெளியிட்ட அறிக்கையில் அரசின் மதுவிலக்குக் கொள்கையை எதிர்த்தது. இதில் முரண்பாடு இல்லை. குடியை விடுவது ஒரு சமூகம் தன் மானத்துக்காகத் தானே எடுக்கும் முடிவு. அதைப் போலீசின் லத்தியிடம் ஒப்படைத்தால் லத்தி எந்தத் தெருவில் இறங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நாம் புரிந்துகொள்கிறோம்.

தமிழ்நாட்டு அரசு இரண்டு முனைகளுக்கும் மாறி மாறிப் போய் வந்திருக்கிறது. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் அது நீக்கப்பட்டது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி நீங்கியது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையே அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. கருணாபுரத்துக்குப் பிறகு, கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் விற்றவருக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கும்படி 2024 ஜூனில் சட்டத்தைத் திருத்தினார்கள். கடை, தடை, தண்டனை எல்லாம் வந்தன. மருத்துவம் மட்டும் கடைசி வரிசையிலேயே இருக்கிறது.

போதை சாக்கு ஆகாது

குடித்தவரை நோயாளியாகப் பார் என்று சொல்லும்போது நம் பெண்கள் எழுப்பும் கேள்வி நியாயமானது: அவன் என்னை அடித்ததும் நோயா? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாத இயக்கத்துக்கு இந்த விஷயத்தில் பேச அருகதை இல்லை.

அடித்தது குற்றம். தானாகக் குடித்த போதை குற்றத்துக்குச் சாக்கு ஆகாது என்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 85, 86 பிரிவுகளில் இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 23, 24 பிரிவுகளில் இருக்கிறது. ஆனால் காவல் நிலையத்தில் மனைவி புகார் கொடுக்கப் போனால், குடியில் அடித்துவிட்டான், காலையில் சரியாகிவிடுவான் என்று திருப்பி அனுப்புகிறார்கள். செய்தித்தாளில் குடிபோதையில் தகராறு என்ற இரண்டு சொல்லுக்குள் சாதி வெறித் தாக்குதல்கூட ஒளிந்துகொள்கிறது. மத்தியப் பிரதேசம் சிதி மாவட்டத்தில் ஒரு பழங்குடி மனிதர் மீது ஒருவன் சிறுநீர் கழித்த காணொளி 2023 ஜூலையில் வெளியானபோதும், அவன் போதையில் இருந்தான் என்ற பேச்சு வந்தது. எவ்வளவு குடித்தாலும் அவன் தன் சாதிப் பெரியவர் மீது சிறுநீர் கழிக்கவில்லை. யார் மீது கழிக்கலாம் என்ற தெளிவைப் போதை அழிக்கவில்லை.

ஆக, ஒரே சொல் இரண்டு விதமாக வேலை செய்கிறது. பாதிக்கப்பட்டவர் குடித்திருந்தால், குடித்தவன்தானே என்று அவர் உரிமை குறைக்கப்படுகிறது. தாக்கியவர் குடித்திருந்தால், குடித்துவிட்டான் பாவம் என்று அவர் பொறுப்பு குறைக்கப்படுகிறது. இரண்டு இடத்திலும் இழப்பது கீழே இருப்பவர். குடித்தவருக்குச் சிகிச்சை பெறும் உரிமை உண்டு, அடிபட்டவருக்கு நீதி பெறும் உரிமை உண்டு. ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க முடியாது என்பதை நாம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உண்ணாமலைக்கடையும் சிதறாலும்

இங்கிருந்து அதிகத் தூரமில்லாத உண்ணாமலைக்கடையில்தான் காந்தியவாதி சசி பெருமாள் இறந்தார். பள்ளிக்கும் வழிபாட்டிடத்துக்கும் அருகிலிருந்த டாஸ்மாக் கடையை அகற்றக் கோரி, 2015 ஜூலை 31 அன்று கைப்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது உயிர் போனது. சேலத்துக்காரரான அவருக்காக நம் மாவட்டம் அழுதது, தமிழகம் முழுவதும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அது சரியான அழுகை. 2017 ஏப்ரலில் திருப்பூர் சாமளாபுரத்தில் மதுக்கடையை எதிர்த்து நின்ற பெண்ணைக் காவல் அதிகாரி அறைந்தபோது வந்த கோபமும் சரியானது.

குடியை எதிர்த்துச் செத்தவருக்காக அழத் தெரிந்த ஊருக்கு, குடித்துச் செத்தவருக்காகவும் அழத் தெரிய வேண்டும். இருவரையும் கொன்றதில் ஒரே கொள்கைக்குப் பங்கு இருக்கிறது. ஒருவரைத் தியாகி என்றும் மற்றவரைத் தறுதலை என்றும் பிரித்து வைத்தால், அந்தக் கொள்கையைக் கேள்வி கேட்க யாரும் மிஞ்சமாட்டார்கள்.

நாம் கூடியிருக்கும் சிதறாலின் மலையில் 9ஆம் நூற்றாண்டின் ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணன் காலத்துச் சமணக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் இருக்கின்றன. பின்னாளில் அந்தக் குகைக்கோயில் பகவதி கோயிலானது. சமணம் நான்கு தானங்களைச் சொல்கிறது: உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி. வாங்குபவர் யோக்கியரா என்பது இந்தப் பட்டியலில் இல்லை. அவருக்குப் பசி, பயம், நோய், அறியாமை இருக்கிறதா என்பதே கேள்வி. இன்று இந்த நான்கும் தானமாக இல்லாமல் உரிமையாகக் கேட்கப்பட வேண்டியவை.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில. கள்ளச்சாராயம் குடித்ததாகச் சொல்லி வருபவருக்கு முதலில் சிகிச்சை, விசாரணை பிறகு என்பதை ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் எழுதி ஒட்டக் கோர வேண்டும். டாஸ்மாக் வருவாயில் ஒரு நிலையான பங்கை வட்ட மருத்துவமனைகளில் போதைமீட்புப் பிரிவுகளுக்கு ஒதுக்கக் கேட்க வேண்டும். குடிநோய் உள்ள வீட்டுப் பெண்களுக்குச் சட்ட உதவியும் தங்குமிடமும் தனியாகக் கேட்க வேண்டும். கஞ்சா வழக்கில் பிடிபடும் பையன்களுக்கு 64ஏ, 39 பிரிவுகளைச் சொல்லித்தர நம் வழக்கறிஞர்கள் முன்வர வேண்டும். போதைமீட்பு உதவிக்கான 14446, மனநல உதவிக்கான 14416 என்ற இரண்டு இலவச எண்களையும் நம் தெருச் சுவர்களில் எழுத மாணவர்கள் இன்றே தொடங்கலாம். பேச்சிலும் எழுத்திலும் குடிகாரன் என்ற சொல்லுக்குப் பதிலாகக் குடிநோயாளி என்று சொல்லிப் பழகலாம்.

அடுத்த முறை ஒரு சாவுச் செய்தி வரும்போது, செத்தவர் யோக்கியரா என்று யாராவது கேட்டால் நாம் திருப்பிக் கேட்க வேண்டியது மூன்றுதான்: விற்றது யார்? விற்க விட்டது யார்? அந்த வீட்டில் இப்போது உலை வைப்பது யார்?